பட்டம் கையில் இருக்கிறது, சட்டம் என்ன கேட்கிறது?

மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். சுற்றுலா முகாமைத்துவத்தில் பட்டம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். புதிய சுற்றுலாச் சட்டம் ஒன்று வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அது வந்தால் எங்களைப் போன்ற பட்டதாரிகளுக்கு ஏதாவது நடக்குமா, இல்லை இதுவும் ஹோட்டல் முதலாளிகளுக்கான சட்டம்தானா என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கடைசி வரியில் இருக்கும் சலிப்பு எனக்கு நன்றாக விளங்குகிறது. நானும் இதே பட்டத்தோடு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றவன்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தச் சுற்றுலாச் சட்டமும் பட்டதாரிக்கு நேரடியாக வேலை தருவதில்லை. ஆனால், 'இந்த ஆள் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தக்கூடாது' என்று சட்டம் எங்கே சொல்கிறதோ அங்கே வேலை பிறக்கிறது. வாகனம் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும், மருந்தகத்துக்குப் பதிவு பெற்ற மருந்தாளர் வேண்டும் என்பதுபோல. ஆகவே சட்டத்தைக் கையில் எடுத்தால், முன்னுரையில் இருக்கும் பெரிய வார்த்தைகளை விட்டுவிடுங்கள். யாரைக் கட்டாயமாக்குகிறது, எந்தத் தகைமையைக் கேட்கிறது என்று மட்டும் தேடிப் படியுங்கள். புதிய சட்டத்துக்கும் பழைய சட்டத்துக்கும் இந்த ஒரே அளவுகோல் போதும்.

சரி, இப்போது கையில் இருக்கும் சட்டத்தை அப்படிப் பார்ப்போம்.

இலங்கையில் சுற்றுலாவுக்கென்று முதலில் வந்தது 1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை அதில்தான் உருவானது. அந்த வருடம் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 18,969 பேர். அடுத்து வந்தது 1968 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். சுற்றுலாவுக்கான நிலம், ஹோட்டல்களின் தரம் போன்றவற்றை அது பார்த்துக்கொண்டது. அந்த இரண்டு சட்டங்களும் எழுதப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பட்டதாரி என்று ஒருவர் நாட்டில் கிடையாது. கட்டடம் கட்ட முதலாளி வேண்டும், உள்ளே பரிமாற ஆள் வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய தேவை. அதே அறுபதுகளில் ஹோட்டல் ஸ்கூலையும் தொடங்கினார்கள்.

இப்போது நடைமுறையில் இருக்கும் முக்கிய சட்டம் 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம். 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2007 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே சபையாக இருந்ததை நான்காகப் பிரித்தார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவும் அனுமதியும் பார்க்கும். ஊக்குவிப்புப் பணியகம் விளம்பரம் பார்க்கும். மாநாட்டுப் பணியகம் மாநாடு, கண்காட்சி பார்க்கும். பழைய ஹோட்டல் ஸ்கூலின் வழியில் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் பயிற்சி பார்க்கும்.

இந்தப் பிரிப்பில் பட்டதாரிக்கு என்ன இருக்கிறது? நான்கு நிறுவனங்கள், அவற்றில் ஒரு குறிப்பிட்ட அளவு பதவிகள். அவை எண்ணிக்கையில் சிறியவை, பெரும்பாலும் கொழும்பில்தான். வருடாவருடம் சபரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ, ரஜரட்ட என்று பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் பிள்ளைகளை அவற்றால் உள்வாங்க முடியாது. 'அதிகார சபையில் வேலை கிடைக்கும்' என்று மட்டும் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. பதிவும் அனுமதிப்பத்திரமும். சுற்றுலாத் தொழில் என்று வகுக்கப்பட்ட எதை நடத்தினாலும், ஹோட்டல், விருந்தினர் விடுதி, ஹோம்ஸ்டே, பயண முகவர், நீர் விளையாட்டு, ஸ்பா எதுவாக இருந்தாலும், அதிகார சபையில் பதிந்து உரிமம் எடுக்க வேண்டும். வழிகாட்டியாக வேலை செய்யவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 'இந்த ஆள் இல்லாமல்' என்று நான் மேலே சொன்னது இலங்கைச் சட்டத்தில் மிகத் தெளிவாக இருப்பது இந்த வழிகாட்டி விடயத்தில்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நேர்முகத் தேர்வில். கொழும்பில் ஒரு பயண நிறுவனம். சுற்றுலாத் திட்டமிடல் பற்றி எழுதிய ஆய்வறிக்கையைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'கைட் லைசன்ஸ் இருக்கா தம்பி?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்ப உங்களை பஸ்ஸில ஏத்தி அனுப்ப எனக்கு ஏலாது' என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் என் படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, சட்டம் கேட்பதைத்தான் கேட்டார். நான்கு வருடப் படிப்பில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

வழிகாட்டிகளில் நான்கு வகை உண்டு. நாடு முழுக்கப் போகக்கூடிய தேசிய வழிகாட்டி. வாகனத்தையும் தானே ஓட்டிக்கொண்டு போகும் சாரதி வழிகாட்டி. குறிப்பிட்ட ஒரு பிரதேசத்துக்குள் வேலை செய்யும் பிரதேச வழிகாட்டி. சிகிரியா போன்ற ஓர் இடத்துக்கு மட்டுமான இட வழிகாட்டி. இவற்றில் தேசிய வழிகாட்டிக்குத்தான் மதிப்பும் வருமானமும் கூட. அதற்கு மொழி வேண்டும், வரலாறு, தொல்லியல், தாவரம், பறவைகள் எல்லாம் தெரிய வேண்டும், பயிற்சி முடித்துத் தேர்வும் எழுத வேண்டும். பட்டப்படிப்பில் படித்ததில் பாதி இங்கே நேராகவே பயன்படும். சுற்றுலாப் பட்டதாரிகள் வழிகாட்டி வேலையைத் தகுதிக்குக் குறைந்ததாக நினைப்பது எனக்கு விளங்காத ஒன்று. ஒரு குழுவோடு பத்து நாள் நாட்டைச் சுற்றிவிட்டு வருபவருக்கு இந்தத் துறையைப் பற்றித் தெரிவது, கொழும்பில் மேசைக்குப் பின்னால் மூன்று வருடம் இருந்தாலும் தெரியாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை நாங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. 2024 இல் இலங்கைக்கு வந்தவர்கள் 2,053,465 பேர். அதில் இந்தியாவிலிருந்து மட்டும் 416,974 பேர். எந்த நாட்டையும்விட அதிகம். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கோணேஸ்வரம், முன்னேஸ்வரம், நல்லூர், சீதா எலிய என்று கோயில் வழியாக வருகிற குழுக்கள் உண்டு. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் மறுபடி திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஒகஸ்டில் மீண்டும் வந்தது. அந்தக் கப்பலில் வந்து இறங்குகிற ஒரு குடும்பத்துக்கு, திருக்கேதீஸ்வரத்தின் கதையையும் யாழ்ப்பாண நூலகத்தின் கதையையும் அவர்களுடைய மொழியிலேயே சொல்ல, அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் வேண்டும். மொழி என்றால் ஜெர்மன், பிரெஞ்சு, மண்டரின் என்றே எங்கள் விரிவுரைகளில் பேசுகிறோம். அவையும் வேண்டும்தான். ஆனால் கையில் இருக்கும் மொழியை மறந்துவிட்டு அல்ல.

ஹோட்டல் பக்கம் வருவோம். பாசிக்குடாவில் இத்தனை ஹோட்டல்கள் இருந்தும் ஏன் எங்கள் ஊர்ப் பட்டதாரிகளை முகாமையாளராக எடுப்பதில்லை என்று அந்தத் தங்கச்சி கேட்டிருந்தார். எடுக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை என்பதே பதில். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போதும் வரிச் சலுகை கொடுக்கும்போதும், இத்தனை வீதம் உள்ளூரவர், அதில் இத்தனை பேர் மேற்பார்வை நிலையில் என்று நிபந்தனை போட்டிருக்கலாம். மாலைதீவில் ரிசோர்ட் ஊழியர்களில் உள்நாட்டவர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. எங்களுடைய சட்டம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதனால் ஹோட்டல்காரர் தனக்கு வசதியானதைச் செய்கிறார். ஹோட்டல் ஸ்கூல் டிப்ளோமாக்காரரையும், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரையும் முதலில் எடுக்கிறார். அவர்கள் முதல் நாளே வேலை செய்வார்கள். பட்டதாரிக்கு ஆறு மாதம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கில் அநியாயம் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. பட்டத்தோடு தொழிற்தகைமைச் சான்றிதழ் ஒன்றையும், மூன்றோ நான்கோ மட்டத்தில், எடுத்து வைத்திருந்தால் அந்த வாதம் அடிபட்டுப்போகும். முன் அலுவலகமோ (விருந்தினரை வரவேற்று அறை கொடுக்கும் பகுதி) உணவு பரிமாறலோ ஏதாவது ஒன்று. தொடக்கத்தில் கீழே நின்றுதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் மூன்று வருடத்துக்குப் பிறகு மேலே ஏறும்போது, வருமான முகாமைத்துவமும் (தேவையைப் பார்த்து அறை விலையைத் தீர்மானிப்பது) சந்தைப்படுத்தலும் தெரிந்த பட்டதாரிக்கு வேகம் கூட. இதைப் பலரிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் 2007 இலிருந்து அப்படியே இருக்கிறது. ஆனால் 2018 இல் 2,333,796 பேர் வந்தார்கள், 2021 இல் 194,495 பேர்தான் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி. அந்த மூன்றுக்கும் இடையில் அனுபவமுள்ள எத்தனையோ பேர் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். பயணிகள் திரும்பி வந்தார்கள், ஊழியர்கள் அதே அளவில் திரும்பவில்லை. இன்று நடுமட்டத்தில் ஆள் தட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் தொழிலை இப்போது அதிகம் தீர்மானிப்பது இந்த வெற்றிடம்தான். சட்டம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் அது நிரம்பிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் பெண்களின் வேலையை நீண்ட காலமாகக் கட்டுப்படுத்தி வந்தது சுற்றுலாச் சட்டம் அல்ல. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம்தான். பெண்களின் இரவு நேர வேலைக்கு அது எல்லை போட்டது. பாதுகாப்புக்காக எழுதியதுதான். ஆனால் இரவு முறை வேலை செய்ய முடியாதவரை முன் அலுவலகத்தில் பொறுப்பான இடத்துக்கு உயர்த்தத் தயங்குகிறார்கள். சுற்றுலாச் சட்டத்தை மட்டும் திருத்திவிட்டுத் தொழிலாளர் சட்டத்தைத் தொடாமல் விட்டால், பட்டம் பெற்ற பெண்களில் பாதிப்பேர் மறுபடியும் வங்கியிலும் பாடசாலையிலும்தான் போய் நிற்பார்கள். பாதுகாப்பான போக்குவரத்து, தங்குமிடம், சம்மதம் ஆகியவற்றை நிபந்தனையாக வைத்து இரவு வேலையை அனுமதிக்கலாம். புதிய சட்டம் பற்றிக் கருத்துக் கேட்கும் இடங்களில் இதைப் பெண் பட்டதாரிகளே எழுந்து சொல்ல வேண்டும்.

இனி, புதிய சட்டம் பட்டதாரிக்கு உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம். பிலிப்பைன்ஸ் 2009 மே 12 அன்று தனது சுற்றுலாச் சட்டத்தை நிறைவேற்றியது, 9593 ஆம் இலக்கக் குடியரசுச் சட்டம். அதில் இரண்டு விடயங்கள் பட்டதாரிகளை நேரடியாகத் தொடுகின்றன. சுற்றுலா முக்கிய தொழிலாக உள்ள ஒவ்வொரு மாகாணத்திலும் நகரத்திலும் நகராட்சியிலும் சுற்றுலா அலுவலர் என்ற நிரந்தரப் பதவி இருக்க வேண்டும் என்கிறது. அதோடு, நாட்டை விட்டுப் பறப்பவர்கள் கட்டும் பயண வரியில் 40 வீதம் சுற்றுலாக் கல்விக்காக உயர்கல்வி ஆணையத்துக்குப் போக வேண்டும் என்கிறது. பயண முகவர், தங்குமிடம் போன்ற முதன்மைத் தொழில்களுக்குத் தரச் சான்று கட்டாயம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அலுவலர் பதவி பற்றிய வரியை நான் பல தடவை படித்திருக்கிறேன். 'இருக்கலாம்' என்று இருந்திருந்தால் ஒன்றுமில்லை. 'இருக்க வேண்டும்' என்று எழுதியதால், ஒரு சிறிய தீவின் நகராட்சியிலும் சுற்றுலாப் பட்டதாரி ஒருவர் போய் உட்காருவதற்கு ஒரு கதிரை உருவானது. அதில் ஓட்டையும் இருக்கிறது. 'முக்கிய தொழில்' எது என்று யார் முடிவு செய்வது? பணமில்லாத நகராட்சி வேறொரு உத்தியோகத்தருக்கே இதையும் மேலதிகக் கடமையாகக் கொடுத்துவிட முடியும். ஆனாலும் சட்டத்தில் ஒரு வரி இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். வரியே இல்லாத இடத்தில் கேட்கவும் வழியில்லை.

எங்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தில் சுற்றுலாத் தொழிலை வளர்ப்பதும் கட்டுப்படுத்துவதும் மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. கிழக்கிலும் வடக்கிலும் சுற்றுலாப் பணியகங்கள் இருக்கின்றன. ஆனால் அறுகம்பேயிலோ நிலாவெளியிலோ கடற்கரைக் கடைகள், குப்பை, படகு, வாகனத் தரிப்பிடம் எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பது பிரதேச சபை. அங்கே சுற்றுலா படித்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. மறுபக்கம், பட்டதாரிப் பயிலுனராக எடுத்து, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராக்கி, சுற்றுலா படித்த பிள்ளையைப் பிரதேச செயலகத்தில் வேறு எதற்கோ கோப்பு எழுத வைக்கிறோம். சம்பளம் அரசே கொடுக்கிறது, படிப்பும் அரசே கொடுத்தது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க ஒரு வரி போதும். புதிய சட்டத்தில் நான் பார்க்க விரும்புவது அந்த வரியைத்தான்: சுற்றுலா நடக்கும் ஒவ்வொரு உள்ளூராட்சி சபைக்கும் தகைமை பெற்ற ஒரு சுற்றுலா உத்தியோகத்தர்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது பணத்தைப் பற்றியது. 2003 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் புரள்வில், அதாவது மொத்த விற்பனை வரவில், 1 வீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகக் கட்டுகின்றன. விமான நிலையத்தில் புறப்படும்போது அறவிடும் வரியில் ஒரு பகுதியும் சுற்றுலா நிதியத்துக்கு வருகிறது. அந்த நிதியத்தின் பெரும்பங்கு விளம்பரத்துக்கே போகிறது. விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து வருகிறவரை வரவேற்கத் தெரிந்த ஆட்களை உருவாக்க, பல்கலைக்கழகத் துறைகளுக்கும் அதில் ஒரு பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பிலிப்பைன்ஸ் செய்திருப்பது அதைத்தான்.

சட்டம் வருவதற்குள் கையில் இருக்கும் ஒரு வேலையையும் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அது வேலை என்றே தெரிவதில்லை. ஊரில் ஐந்து அறை, ஆறு அறை வைத்து விடுதி நடத்துகிறவர்களில் எத்தனையோ பேர் பதிவே செய்யவில்லை. வரி வரும் என்ற பயம் ஒன்று, ஆங்கிலப் படிவங்கள் இன்னொன்று. கொழும்புக்கு அலைய வேண்டும் என்ற தயக்கமும் உண்டு. எப்படியும் சட்டம் இறுகும்போது அவர்கள் பதிந்தே ஆக வேண்டும். அறையின் தரம், தீயணைப்பு, கழிவு, பிரதேச சபை அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை என்று எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து, கோப்பைத் தயார்பண்ணி, இணையத்தில் அறையை விற்கவும் சொல்லிக்கொடுக்கிற ஒருவருக்கு அவர்கள் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார்கள். என்னோடு படித்த ஒருவர் பட்டம் முடித்த பின் இதைத்தான் செய்தார். முதலில் மாமாவின் விடுதி, பிறகு பக்கத்து வீடு, அப்புறம் அந்தத் தெரு முழுக்க. இன்று அவருக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். எந்த வர்த்தமானியிலும் அவருடைய பதவிக்குப் பெயர் இல்லை. ஆனால் அந்த வேலை சட்டத்தின் பதிவுப் பிரிவிலிருந்து பிறந்ததுதான்.

ஹோட்டலிலோ பயண நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்தால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணத்தில் பங்கு எப்படி, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் எந்தத் தொகையில் கணக்கிடுகிறார்கள் என்று. 'பயிற்சி' என்ற பெயரில் மாதக்கணக்காக ஒன்றும் தராமல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எத்தனை மாதம், அதன் பிறகு என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் வழிகாட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் நாளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வந்தவுடன் போடுங்கள். அதுவரை பாசிக்குடாவில் ஒரு முன் அலுவலகத்தில் நில்லுங்கள், ஊரில் பதியாத விடுதி ஒன்றின் கோப்பைக் கையில் எடுங்கள். சட்டமூலத்தின் வரைவு வெளிவந்தால் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்களோடு படித்த பத்துப் பேரைக் கூட்டிவைத்து ஒன்றாகப் படியுங்கள். 'வேண்டும்' என்று வருகிற இடங்களுக்கெல்லாம் கோடு போடுங்கள். உள்ளூராட்சி சபைக்குச் சுற்றுலா உத்தியோகத்தர் என்ற வரி அதில் இல்லாவிட்டால், அந்தப் பத்துப் பேரின் பெயரோடு ஒரு கடிதம் அமைச்சுக்கும், ஒரு பிரதி உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகட்டும். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் எனக்குச் சொல்லுங்கள், இருந்து எழுதுவோம்.